இடுக்கி ஒரு கணக்கு, தராசு ஒரு கணக்கு

போன வாரம் எங்கள் ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூன்று பேர் ஆரம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு போன். முன்னால் ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் உடம்பில் கொழுப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று அது சொல்லிவிடுமாம். என்னையே சுவரோரமாக நிறுத்தி எடுத்தார்கள். நான் நைட்டியில் இருந்தேன். அது சொன்ன எண்ணைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நைட்டியை இடுப்பில் துண்டால் இறுக்கிக் கட்டி மறுபடியும் எடுத்தார்கள். வேறு எண் வந்தது.

"இதுல எது நெஜம்க்கா?" என்று கேட்டார்கள்.

வாயால் சொல்லி முடிகிற பதில் இல்லை. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். பதினான்கு வருடம் பெண்களின் கையையும் முதுகையும் இடுப்பையும் கிள்ளிப் பிழைத்தவள் நான். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள்.

என் படிப்பு எட்டாவதில் பாதி. செங்கல் சூளை, இறால் உரிக்கும் கம்பெனி, திருப்பூரில் பனியன் கம்பெனி, பெங்களூரில் ஒரு படுத்த படுக்கைக்காரரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, சூளூர்ப்பேட்டையில் ஓட்டல் சமையல் என்று சுற்றினேன். ஒரு இடத்தில் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். யாரும் துரத்தவில்லை. சில இடத்தில் துரத்தினார்கள், அது வேறு. கடைசியில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தபோதுதான் டாக்டர் நளினி ஆள் தேடி வந்தார்.

வயது வந்த பெண்களின் உடம்பில் கொழுப்பை அளக்கப் பல வழிகள் இருக்கின்றன, எந்த வழி நம் ஊர்ப் பெண்களுக்குச் சரியாகச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவருடைய ஆய்வு. அளக்கும் வேலைக்குப் பெண்கள் வேண்டும். எங்களில் ஏழு பேரை வரிசையில் நிறுத்தி, தன் மேல்கையை நீட்டி, "கிள்ளுங்க" என்றார். டாக்டரைக் கிள்ளுவதா என்று மற்றவர்கள் பூப்பறிப்பது போலத் தொட்டார்கள். நான் கொத்தாகப் பிடித்துத் தூக்கினேன். மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்.

பயிற்சி இரண்டு மாதம். ஒரே கையை ஒரு நாளைக்கு நாற்பது தடவை அளந்தோம். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கருவியைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் காலிப்பர். பெண்கள் அதை இடுக்கி என்றார்கள். பாத்திரம் இறக்குகிற இடுக்கி மாதிரியேதான் இருக்கும், வாய் சிறியது, பக்கத்தில் கடிகாரம் போல ஒரு முள். முதலில் வலது மேல்கையின் பின்புறம். தோள் எலும்பின் நுனியிலிருந்து முழங்கை எலும்பின் நுனி வரை டேப் பிடித்து, சரிபாதியில் பேனாவால் ஒரு புள்ளி. கை தளர்ந்து தொங்க வேண்டும். புள்ளிக்கு ஒரு விரற்கடை மேலே, நம் இடது கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலையும் அதன் அடியில் இருக்கும் கொழுப்பையும் சேர்த்துத் தூக்க வேண்டும். உள்ளே இருக்கும் தசையும் கூட வந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் கையை மடக்கச் சொன்னால் போதும், தசை நழுவிக்கொண்டு போய்விடும். பிறகு புள்ளியில் இடுக்கியை வைத்து, பிடியை விட்டு, மனசுக்குள் இரண்டு எண்ணி, முள்ளைப் படிக்க வேண்டும். மூன்று நான்கு என்று எண்ணிக்கொண்டே நின்றால் கொழுப்பு நசுங்கி எண் இறங்கிவிடும்.

அடுத்தது கையின் முன்புறம். அதற்கடுத்து முதுகில் சிறகெலும்புக்குக் கீழே. கடைசியில் இடுப்பெலும்புக்கு மேலே. நான்கும் முடிந்த பிறகுதான் மறுபடி முதல் இடத்துக்கு வரலாம். நான் எண்ணைச் சொல்வேன், திருநின்றவூரிலிருந்து ரயிலில் வரும் பிரேமா எழுதுவாள். முதல் சுற்று எண்களை ஒரு அட்டையால் மூடிவிடுவாள். நான் பார்க்கக் கூடாது. பார்த்தால் கை அந்த எண்ணையே தேடிப் போகும் என்பார் டாக்டர். இரண்டு சுற்றுக்கும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது சுற்று. நான்கு எண்களையும் கூட்டி, வயதையும் சேர்த்து, அட்டவணையைப் பார்த்துக் கொழுப்பு எவ்வளவு என்று எழுதுவது பிரேமாவின் வேலை.

இரண்டாவது வழி கரண்ட் தராசு. வெறுங்காலோடு ஏறி நின்றால் அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். பெண்களுக்கு அதுதான் பிடித்தது. கிள்ளல் இல்லை, ரவிக்கையைத் தளர்த்த வேண்டாம். மூன்றாவது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும் எக்ஸ்ரே மேஜை. உடம்பு முழுக்கப் படம் பிடித்து எலும்பு இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். மற்ற இரண்டையும் அதோடுதான் ஒப்பிட்டோம். அதற்குச் செலவு அதிகம் என்பதால் சீட்டுக் குலுக்கி, பெயர் வந்த பெண்களை மட்டும் வேனில் கூட்டிப் போவோம்.

டாக்டர் நளினி குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு என்ற சொல்லும் அவர் வாயில் வராது. பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டு "இன்னொரு தடவை" என்பார். ஒரு நாளைக்கு அதை அறுபது தடவை கேட்டிருக்கிறேன். புது ஊருக்குப் போனால் திரைக்குப் பின்னால் முதலில் அவரே நிற்பார். என்னை அளக்கச் சொல்லி, வந்த எண்ணை வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்குக் கேட்கும்படி தானே சொல்வார். "எனக்கு முப்பத்தொம்போது. அடுத்து யாரு?" அதற்குப் பிறகு யாரும் வெட்கப்பட்டதில்லை.

பொன்னேரி பக்கம் நெல் வயல் கிராமங்களில் வேலை சுலபமாகப் போனது. காலையில் போவோம். இடுக்கிக்கும் தராசுக்கும் பெரிய சண்டை இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வந்த பிறகுதான் பேஜார் ஆரம்பித்தது. மாதா கோயிலை ஒட்டிய கூடத்தில் திரை கட்டியிருந்தோம். பக்கத்துக் காலனிப் பெண்கள் காலை ஷிப்ட் முடித்து மத்தியானம் இரண்டரைக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருவார்கள். இவர்களுக்கு மட்டும் தராசு எப்போதும் அதிகம் காட்டியது. இடுக்கி குறைவாகச் சொன்னது.

நாங்கள் அனுப்பும் எண்களை வைத்துக் கணக்குப் பார்க்கும் இடத்திலிருந்து, அளக்கிறவரின் கை பழுது, அந்த எண்களை எடுத்துவிடலாமா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அளக்கிறவர் நான்தான். டாக்டர் அந்தக் கடிதத்தை என்னிடமே காட்டினார். அன்று இருபது பெண்களை நானும் அளந்தேன், அவரும் அளந்தார், தனித்தனி தாளில். எண்கள் ஒத்துப்போயின. "கை சரியாத்தான் இருக்கு. அப்போ வேற என்னமோ இருக்கு, ராஜம்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் தேவகி வந்தாள்.

தேவகிக்கு முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள். அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்குப் போனவர்கள். இவள் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கேட்டில் போய் நின்று, பட்டியலில் இந்த மாதமும் பெயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த வருடம் சிலரை நிரந்தரம் ஆக்கப் போவதாகச் சொல்லி, உடம்புப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். கம்பெனியும் ஒரு கரண்ட் தராசு வாங்கி வைத்திருக்கிறது. கொழுப்பு முப்பத்தெட்டுக்கு மேல் போனால் தகுதி இல்லை. உட்கார்ந்து ஒயர் முறுக்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. யாரோ ஒரு அதிகாரி எங்கேயோ படித்து ஒரு கோடு போட்டுவிட்டார். தேவகிக்கு நாற்பது காட்டியது. அவளோடு இன்னும் ஒன்பது பேருக்கும் அப்படி. பட்டியல் மூட மூன்று வாரம் இருந்தது.

நான் இடுக்கியால் அளந்தேன். முப்பத்துநான்கு. எங்கள் தராசில் ஏற்றினோம். நாற்பது.

"இன்னாக்கா இது, உன் இடுக்கிக்கு நான் ஒல்லி, தராசுக்கு நான் குண்டா?" என்றாள். "இடுக்கி சொல்றத ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. கம்பெனி நர்ஸம்மா மூஞ்சில காட்டிட்டு வரேன்."

டாக்டரிடம் கேட்டேன். "நம்ம வேலை அளக்கறது. சர்டிபிகேட் குடுக்கறது இல்ல. எது சரின்னு நமக்கே இன்னும் தெரியாதே" என்றார்.

அடுத்த நாள் தேவகி இன்னொரு யோசனையோடு வந்தாள். எக்ஸ்ரே மேஜைக்குச் சீட்டு விழுந்த ஒரு பெண்ணுக்குச் சென்னை போக விருப்பமில்லை. அவள் பெயரில் இவள் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம். "மேஜை சொன்னா கம்பெனி ஒத்துக்கும்ல? யாருக்கு இன்னா நட்டம்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாழ்க்கையில் நான் அடுத்தவள் பெயரில் வேலை பார்த்திருக்கிறேன். அடுத்தவள் ரேஷன் அட்டையில் அரிசியும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் டாக்டரிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

"அவ பேர்ல எடுத்த படம் அவளுக்குத்தானே சாட்சி? இவ எப்படிக் காட்டுவா?" என்று கேட்டார் டாக்டர். அந்தப் பக்கத்தை நானும் யோசிக்கவில்லை, தேவகியும் யோசிக்கவில்லை.

இதைத் தேவகியிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வரிசையில் போய் உட்கார்ந்தாள். வாரம் ஒரு தடவை மறுபடி அளக்கிறோம் என்று நாங்கள்தான் வரச் சொல்லியிருந்தோம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பிரேமா அவளிடம் படிவத்தைப் படித்தாள். தராசில் ஏறும் முன்பு எல்லாரிடமும் கேட்கிற கேள்விகள்தான். ஒன்றுக்குப் போயாயிற்றா, ஆம் அல்லது இல்லை. தேவகி ஆச்சு என்றாள். பிரேமா டிக் அடித்தாள். எனக்கு ஏனோ கேட்கத் தோன்றியது.

"எப்போம்மா போன?"

"காலைல நாலரைக்கு. பஸ்ஸுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி."

"மணி இப்ப மூணு ஆவுது."

"அதான் ஆச்சுன்னனே."

வரிசையில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "நாங்க எல்லாருமே நாலரை பார்ட்டிதான்க்கா" என்றாள். "கக்கூஸ் போறதுக்கு லைனுக்கு ஒரே டோக்கன். இருபது பேர். ஒருத்தி கழுத்துல மாட்டிக்கினு போனா அவ வர்ற வரைக்கும் மத்தவங்க அடக்கிக்கினு ஒக்காந்திருக்கணும். லீடரு டைம் வேற எழுதுவாரு. எதுக்கு வம்பு, தண்ணியே குடிக்கறது இல்ல."

"ஒண்ணுமே குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள் பிரேமா.

"நாஷ்டாவுக்கு அரை டீ."

பனியன் கம்பெனியில் நானும் அப்படித்தான் இருந்தேன். காலையில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, சாயங்காலம் வரை அதோடு சரி. நீர்க்கடுப்பு வந்தால் இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் மிஷினில் உட்கார்வேன். அது எனக்கு ஒரு கஷ்டமாகவே தோன்றியதில்லை. வேலை என்றால் அதுவும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தேன். அதனால்தான் இத்தனை வாரம் அவர்கள் உதடு வெடித்திருப்பதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

தராசைப் பற்றி டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு காலில் மெல்லிய கரண்ட் ஏறி மறு காலில் இறங்கும். தண்ணீர் இருந்தால் சுலபமாக ஓடும், கொழுப்பு தடுக்கும். தராசுக்குக் கொழுப்பு தெரியாது, தண்ணீர்தான் தெரியும், தண்ணீர் குறைந்தால் கொழுப்பு அதிகம் என்று அதுவாக நினைத்துக்கொள்ளும். இப்போதுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு லிட்டர் பாட்டிலைக் கொடுத்து, "குடி, மொத்தமும் குடி" என்றேன். தேவகி நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்து முடித்தாள். தராசில் ஏற்றினேன். நாற்பத்தொன்று.

"இன்னாக்கா, ஏறிக்கினு போவுது?" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீ நல்லது பண்றியா, கெட்டது பண்றியா?"

டாக்டர் வந்து பார்த்தார். முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "வயித்துல இருக்கற தண்ணி இன்னும் உடம்புக்குள்ள போகல. இப்போதைக்கு அது வெறும் எடை. தண்ணிங்கறது ஒரு நாள் பூரா வேணும்" என்றார். பிறகு பெண்களைப் பார்த்து, "அடுத்த வாரம் உங்களுக்கு எந்த ஷிப்ட்?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் மத்தியான ஷிப்ட். ஞாயிறு விடுமுறை. ஞாயிறு முழுக்கத் தாகம் எடுக்கிறபோதெல்லாம் குடித்து, போக வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் போய், திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பத்துப் பேரும் வர வேண்டும். "இன்னொரு தடவை" என்றார் டாக்டர்.

திங்கள் வந்தது. பத்துப் பேரும் வந்தார்கள். அதே கூடம், அதே தராசு, அதே இடுக்கி, அதே என் கை. இடுக்கி எல்லாருக்கும் பழைய எண்ணையே சொன்னது. தராசு எல்லாருக்கும் இறங்கியது. சிலருக்கு இரண்டு, சிலருக்கு மூன்று. தேவகிக்குத்தான் அதிகம், நான்கு இறங்கி முப்பத்தாறு. பிரேமா அட்டையை எடுத்துவிட்டு போன வாரத் தாளையும் அன்றைய தாளையும் அருகருகே வைத்தாள். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதும் சர்டிபிகேட் எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு, கரண்ட் தராசில் அளக்கும் முறை என்று தலைப்புப் போட்டு எழுதினார். ஷிப்டுக்கு முன் அளக்க வேண்டும், முந்தைய நாள் வழக்கம்போலத் தண்ணீர் குடித்திருக்க வேண்டும், கடைசியாக ஒன்றுக்குப் போன நேரத்தை எழுத வேண்டும், பாதத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். யாருடைய பெயரும் அதில் இல்லை. மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கம்பெனிக்குப் போனோம்.

நர்ஸம்மா வயதில் சின்னவர். "மேடம், எனக்கு மேல இருக்கறவங்க சொல்றத நான் செய்யறேன். நான் இதுல என்ன பண்ண முடியும்?" என்றார். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தராசில் ஏறினார். "எனக்கு முப்பத்தொம்போது. உங்க கம்பெனில எனக்கு வேலை கெடைக்காது" என்றார். நர்ஸம்மா சிரித்துவிட்டார். "நீங்க ஏறுங்க" என்றார் டாக்டர்.

நர்ஸம்மா ஏறினார். கொடி மாதிரி இருக்கும் பெண். எண்ணைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது எப்படி? எனக்கா?"

"காலையிலேர்ந்து எவ்வளோ தண்ணி குடிச்சீங்க?" என்று நான் கேட்டேன்.

நர்ஸம்மா தராசிலிருந்து இறங்கினார். அந்தக் கட்டடத்தில் பெண்களுக்குக் கக்கூஸ் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியும், எவ்வளவு தூரம் என்றும் தெரியும். தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "அடுத்த வாரம் அவங்களுக்கு நைட் ஷிப்ட். திங்கள் காலைல வரச் சொல்றேன். நானே அளக்கறேன்" என்றார்.

அதற்குள் எக்ஸ்ரே மேஜையின் முடிவுகளும் வந்துகொண்டிருந்தன. ஷிப்ட் பெண்களுக்கு இடுக்கி சொன்னதுதான் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. இதனால் இடுக்கி ஜெயித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரொம்பப் பருமனான பெண்களுக்கு இடுக்கியின் வாயே பத்தாது. அவர்களுக்கு, தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், தராசுதான் நெருங்கி வந்தது. உங்கள் போனுக்கும் ஏதோ ஒரு வகைப் பெண்கள் சரியாக வருவார்கள், ஏதோ ஒரு வகைப் பெண்கள் தப்பாக வருவார்கள். யார் யார் என்று கண்டுபிடிக்கத்தான் உங்களுக்குச் சம்பளம். கண்டுபிடித்துவிடுவீர்கள். நான் எட்டாவதைக்கூட முடிக்காதவள், நீங்கள் எல்லாரும் டிகிரி. ஒன்று மட்டும் செய்யுங்கள். படிவத்தில் ஆம், இல்லை என்று இருக்கும் இடத்திலெல்லாம் எப்போது என்றும் கேளுங்கள்.

அந்தத் திங்கள் காலை எனக்குக் கம்பெனிக்குள் போக அனுமதி இல்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்கு மேல் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கு மட்டும் கோட்டைத் தாண்டியிருந்தது. தேவகி கடைசியாக வந்தாள். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"முப்பத்தேழு" என்றாள்.

மீதி இரண்டு பேரை நர்ஸம்மா கைவிடவில்லை. அந்தக் கோடே எதற்கு என்று கேட்டு எழுதினார். அடுத்த வருடப் பட்டியலில் அந்தக் கோடு இல்லை. அவர்களும் சேர்ந்தார்கள். டோக்கன் அப்போதும் இருந்தது, எப்போதும் போலக் காண்ட்ராக்ட் பெண்களுக்கு மட்டும்; நிரந்தரம் ஆனவர்களுக்கு அது கிடையாது. அதுவும் ஒன்றரை வருடத்தில் போயிற்று. அதற்கு வேறு பெண்கள் சண்டை போட்டார்கள். அது அவர்கள் எழுத வேண்டிய கதை.

நிரந்தரம் ஆன முதல் வாரம் தேவகி ஒரு சாயங்காலம் கூடத்துக்கு வந்தாள். ஸ்வீட் பெட்டியோடு வருவாள் என்று பிரேமா எதிர்பார்த்தாள். வெறுங்கையோடுதான் வந்தாள்.

"முதல் நாளு எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"அதே லைனு, அதே சேருக்கா. ஒயரும் அதேதான்." தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "பத்து மணி இருக்கும். ஒண்ணுக்கு வந்துச்சு. யாரையும் கேக்கல. ஒயரக் கீழ வெச்சிட்டு எழுந்து போனேன். லீடரு பாத்துக்கினே இருந்தாரு. போய்ட்டு, மூஞ்சி கழுவிக்கினு, மெதுவா நடந்து வந்தேன். வர்ற வழில கேன்ல தண்ணி இருந்துச்சு. ரெண்டு டம்ளர் குடிச்சேன்."